அழத்தான் தெரியும் என்று நான் நினைத்த கிதார்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையே வந்துவிடும். குவைத்துக்கு வந்த புதிதில் எனக்கு அது பிடிபடவில்லை. எல்லோருக்கும் லீவு வெள்ளிக்கிழமைதான் என்பதால் கிறிஸ்தவர்களும் அன்றைக்கே ஆராதனை வைத்துக்கொள்கிறார்கள். அப்பாசியாவில் நான் இருக்கும் கட்டடத்தின் படிகளில் காலை ஏழு மணிக்கெல்லாம் பைபிளும் கையுமாகக் குடும்பங்கள் இறங்கும். எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் தூக்கம். ஏசி மெக்கானிக்குக் கோடையில் வேறென்ன வேண்டும்?

அந்த ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமையில் அதிலும் மண் விழுந்தது. "சர்ச்சில் ஏசி மாஃபி. ஜல்தி ஜாவ் பாய்" என்று ஃபோர்மேன் போனில் கத்தினான். மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். திட்டிக்கொண்டே போனேன். நாம் எதற்காக இங்கே வந்தோம் என்று ஊரில் யாராவது கேட்டால், அடுத்தவன் வீட்டைக் குளிர வைக்க வந்தோம் என்று சொல்லுங்கள்.

ஃபர்வானியாவில் ஒரு வில்லாவின் பின்பக்கத்து ஹால். மணிக்கணக்குப்படி வாடகைக்கு விடுவார்கள். காலையில் மலையாளிகள், அப்புறம் தெலுங்குக்காரர்கள், பதினொரு மணிக்கு ஆங்கிலக் கூட்டம். நான் போனபோது ஆங்கிலக் கூட்டத்தின் நேரம். கானா நாட்டுக்காரர் ஒருவர்தான் பாஸ்டர். பிலிப்பைன்ஸ் நர்சுகள், ஆப்பிரிக்கர்கள், இரண்டு ஆந்திரக் குடும்பங்கள் என்று நூறு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடை ஓரத்தில் கறுப்புத் துணி போர்த்திய நாலு கால் மேசை ஒன்று நின்றது. இஸ்திரி மேசை என்று நினைத்து அதன்மேல் டூல்ஸ் பையைத் தொப்பென்று வைத்தேன்.

"ஹேய்! மை பேபி!" என்று ஒரு அமெரிக்கக் கறுப்பர் பாய்ந்து வந்தார். நான் குழந்தை எங்கே என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவர் துணியை விலக்கினார். கம்பிகள். படுக்கப் போட்ட கிதார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆசீரின் முகம் வந்து நின்றது.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கொடை விழா, கல்யாணம் என்று போவோம். கச்சேரி பிடிப்பது, யார் எதை வாசிப்பது என்று முடிவு செய்வது எல்லாம் நான். ஆசீர் ஹவாயன் கிதார் வாசிப்பான். மடியில் கிடத்தி இரும்புத் துண்டைக் கம்பிமேல் இழுத்தால் அது அழும். கதாநாயகி அழுகிற பாட்டுகளுக்கு மட்டும் அவனை வாசிக்கவிட்டேன். ஒருநாள் ஒத்திகையில் அவன் வேகமாக எதையோ வாசிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினேன். "ஏல, ஒப்பாரிப் பெட்டில டப்பாங்குத்தா? சும்மா கெட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் கீபோர்டு வாங்கினோம். பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனிடம், "இனி நீ வராண்டாம்டே. ஒரு பட்டன அமுக்குனா ஒன் சத்தம் வந்துருது" என்றேன். அவன் கிதாரைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனான். அப்புறம் எட்டு வருடம் பேச்சே இல்லை. என் மனைவி அவன் நம்பரை வாங்கிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. என் மொபைலில் அது சும்மா கிடந்தது. தப்பு என்னுடையது என்று தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை.

ஹாலுக்கு மின்சாரம் வரும் மூன்று லைனில் ஒன்று செத்திருந்தது. மாற்றச் சாமான் வேண்டும், கடை சாயங்காலம்தான் திறப்பான். மீதி லைனில் ஏசியைப் போட்டேன், ஓடியது. அவர்கள் கிதாருக்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் லோடு தாங்காமல் பிரேக்கர் விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது.

பாஸ்டரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஏசி, ஆர் கிதார். ஒன் ஒன்லி. டூ மாஃபி."

அவர் என் தோளைத் தட்டினார். "காட் பிளெஸ் யூ, மை பிரதர்."

"பிளெஸ் நோ வொர்க் சார். ஒன் ஒன்லி!"

அவர் கூட்டத்தைப் பார்த்து, ஏசியா கிதாரா என்று கேட்டார். நாற்பத்தைந்து டிகிரி. ஏசி என்றுதான் கத்துவார்கள் என்று நான் அந்த ஸ்விட்சில் கை வைத்துத் தயாராக நின்றேன். "கிதார்!" என்று நூறு பேரும் கத்தினார்கள். ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, "ஏசி கலாஸ், பாய்! யல்லா!" என்று ஏசியை அணைக்கச் சொல்லிக் கைகாட்டிச் சிரித்தாள். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்தேன்.

அமெரிக்கர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரே ஒரு இழுப்பு. யாரோ யாரையோ தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. கூட்டம் பதில் கொடுத்தது. மறுபடி இழுத்தார், மறுபடி பதில். அப்புறம் டிரம்ஸ் சேர்ந்தது, பேஸ் கிதார் சேர்ந்தது, அந்தக் கம்பி ஓட ஆரம்பித்தது. சிரித்தது, கத்தியது, துள்ளியது. வியர்வையில் சட்டை ஒட்ட ஒட்ட எல்லோரும் எழுந்து குதித்தார்கள். ஆந்திரப் பெண் ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு கைதட்டினாள். இருபது வயதில் ஆசீர் வாசிக்கப் பார்த்தது இதைத்தான். நான் பாதியில் நிறுத்தியதும் இதைத்தான்.

வாசல் பக்கம் போய் நம்பரை அழுத்தினேன்.

"யாரு?"

"நாந்தாம்ல. முத்துக்குமார்."

வைத்துவிடுவான் என்று பயந்தேன். "வச்சிராத. இதக் கேளு" என்று சொல்லி போனை ஹாலுக்குள் நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"மடில வச்சா வாசிக்கான்?" என்றான்.

"இல்லடே, மேசை மாதிரி. ஆளெல்லாம் ஆடுது. ஏசிய அமத்திட்டுக் கேக்கானுவ."

"நான் அன்னைக்கு வாசிச்சேம்லா."

"ஆமா. நாந்தான் கெடுத்தேன். மன்னிச்சிருல."

"இப்பத்தான் காது தொறந்துச்சாக்கும் மேனேஜருக்கு" என்றான். "பேசாத. போன அங்கிட்டு நீட்டு."

நீட்டினேன். பிரேக்கர் பெட்டி வாசலுக்கு வெளியே. விழுந்தால் உடனே தூக்கிவிட ஒரு கை அதன்மேல் இருக்க வேண்டும். போன் பிடித்த கை உள்ளே. கதவுச் சட்டத்தில் முதுகைக் கொடுத்து அப்படியே நின்றேன், ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நூறு பேரின் மூச்சு. கை கடுத்தது. மடக்கவில்லை.

ஆராதனை முடிந்து ஹால் அடங்கியதும் காதில் வைத்தேன். ஆசீர் இருக்கும் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் அடியில் விரலால் பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. இங்கே நின்றுபோன தாளத்தை அவன் அங்கே விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.