பகலில் மட்டும் ஒழுகிய விமானம்

ஊரில் யார் வீட்டுச் சுவரில் ஈரம் பூத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து சுவரில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க உடைங்க" என்பார். உடைத்தால் அங்கேதான் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். தலை நரைக்கும் வரை பிளம்பர் வேலை பார்த்துச் சேர்த்த பெயர் அது. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்த விமானத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலை நிறுத்த முடியாமல் விழி பிதுங்கி நின்றார்.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். வரைபடம் வாங்கி, அலுமினியத் தகடு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே தட்டித் தட்டிச் செய்தது. கார் பாவம், வருஷக்கணக்காக வெயிலில் நின்றது. ஏன் இந்த ஆசை என்று கேட்டால், "வாழ்க்கை பூரா தரைக்குக் கீழயே பாத்தாச்சு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தார் அவரை 'பைலட்' என்று கூப்பிட்டார்கள். கிண்டல்தான், ஆனால் அவருக்கு உள்ளூர அது பிடித்திருந்தது.

மனைவிக்குத்தான் எதுவுமே பிடிக்கவில்லை. "அந்தத் தகர டப்பாவுல நான் ஏறவே மாட்டேன். போறதுன்னா நீங்க போங்க, என்னைக் கூப்பிடாதீங்க" என்று தொடக்கத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவரும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆனாலும் இருக்கை இரண்டாகவே வைத்தார். எடை சரிபார்க்கும்போதெல்லாம் வலப்பக்க இருக்கையில் அவளுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையை வைத்து பெல்ட் மாட்டினார். அவளுடைய தம்பி கார் மெக்கானிக், வாய் கொஞ்சம் நீளம். "அக்காவுக்கு இது எவ்வளவோ தேவல அத்தான், எதிர்த்துப் பேசாது" என்றான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. அவள் மீதித் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டேங்கில் பெட்ரோல் ஊற்றிய பிறகுதான் வினை ஆரம்பித்தது. டேங்கிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய் வலப்பக்கமாக விமானத்தின் உள்தரையோடு ஓடி, எல்போ என்கிற வளைவு மூட்டில் திரும்பி, வால்வுக்குள் மரையோடு மரையாக ஏறுகிறது. அந்த இடத்தில் ஒரு நீலக் கறை. விமானப் பெட்ரோலில் சாயம் கலந்திருக்கும், சொட்டு ஆவியாகிப் போனாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்துச் சுற்றினார். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

"டேப் துணுக்கு பிஞ்சு உள்ள போனா நேரா கார்புரேட்டர்ல போய் அடைச்சுக்கும் அத்தான். மேல போய் எஞ்சின் நின்னா என்ன பண்ணுவீங்க, எறங்கித் தள்ளுவீங்களா?"

டேப்பைப் பிடுங்கினார். மரையைத் துடைத்து, பெட்ரோலில் கரையாத பேஸ்ட்டை நுனி மரையில் படாமல் தடவி இறுக்கி உலரவிட்டார். காலையில் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒன்றுமில்லை. நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்தால், அதே இடத்தில் அதே நீலக் கறை.

புது எல்போ போட்டார். பேஸ்ட்டை மாற்றினார். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை துறுதுறுத்தது, ஆனால் வால்வில் விரிசல் விழுந்துவிடும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூல் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு? மூச்! மறுநாள் வேலைக்குப் போனார், வந்து பார்த்தால் கறை. அவர் வீட்டில் இருந்தால் ஒழுகுவதில்லை, வெளியே போனால் ஒழுகுகிறது. இப்படி ஒரு குழாயை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வெயிலில் உலோகம் விரிகிறதோ என்று வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. ஒருநாள் கொட்டகைச் சாவியை மறதியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று கறையே இல்லை! பூட்டிக்கிடந்ததால் காற்று படவில்லை, அதனால்தான் என்று ஒரு முடிவுக்கு வந்து, அதை மனைவியிடம் விலாவாரியாக விளக்கினார். அவள் அன்று மாலை காரணமே இல்லாமல் சிடுசிடுவென்று இருந்தாள். "சாவிய எடுத்துட்டுப் போனா வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு வேணும்னா என்ன பண்றது?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். சுவருக்குள் இருக்கும் ஒழுக்கைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அப்போதும் எதுவும் உறைக்கவில்லை. மறுநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலை மட்டும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போனார். மாலையில் கறை.

இதற்குள் குழப்பம் அவர் பிழைப்புக்கே வந்துவிட்டது. ஒரு வீட்டில் சுவரில் கையை வைத்தார், கண்ணை மூடினார், உடைக்கச் சொன்னார். உள்ளே குழாய் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் பார்த்த பார்வை போதும். அன்று சாப்பிடும்போது, "இன்னொரு தடவ கறையப் பாத்தேன்னா எல்லாத்தையும் பிரிச்சுப் பழைய இரும்புக் கடையில போட்டுடறேன். என் கை மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். மனைவி கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவள், குழம்புக் கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் பெரிய ஸ்பேனரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எடுக்க நடுப்பகலில் திரும்பி வந்தார். கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. இறக்கைக்குக் கீழே மனைவியின் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. வலப்பக்க இருக்கையில் அவள். கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பெல்ட் மாட்டிக்கொண்டு, பறந்துகொண்டிருப்பவளைப்போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் கண் தானாகக் கீழே போனது. அவளுடைய இரண்டு பாதங்களும் குழாய் மேல் ஊன்றியிருந்தன. எல்போ ஓரத்தில் ஒரு நீலச் சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது.

"ஐயோ, நீங்களா!" என்று அவள் பதறினாள்.

"நீ இங்க என்ன பண்ற?"

"சும்மாதான். முதல்ல வாளி எடுக்க வந்தேன். சும்மா ஏறிப் பாத்தேன். அப்புறம் தெனம் மத்தியானம் வேலை முடிஞ்சா..." அவள் பெல்ட்டோடு மல்லுக்கட்டினாள். "ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. எப்பப் பாத்தாலும் இங்க அந்த மூட்டைய வெச்சு பெல்ட் மாட்டறீங்க. அதுக்கு மட்டும் பயமில்லையான்னு..."

"பெட்ரோல் வாசம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு. வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"குழாய் மேல கால வெச்சிருக்கியே!"

அவள் கீழே பார்த்தாள். முகம் சுருங்கியது. "இதனாலயா இத்தன நாளா? நேத்து நீங்க சொன்னப்பவே ஒரு சந்தேகம்... ஆனா வேற எங்கங்க கால வைக்கறது? நீங்களே பாருங்க. எடமே இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் அவருடைய கால் நீளத்துக்கு அளவெடுத்துப் பெடல், குதிகாலுக்குத் தகடு, முழங்கால் இடிக்காமல் பஞ்சு. வலப்பக்கம் குழாய், வால்வு, ஒயர். கால் வைக்க ஒரு சாண் இடமில்லை. இரண்டு பேருக்கு விமானம் செய்தவர், இரண்டாவது ஆளுக்குக் கால் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மணல் மூட்டைக்குக் கால் கிடையாது.

சிரிப்பு வந்தது, ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மெல்ல இறங்கி வந்தாள்.

"அப்ப என்கூட பறக்க வருவியா?"

"அத யார் சொன்னா?" என்றாள். உடனே, "பிரிச்சுடாதீங்க" என்றாள்.

அவர் விழுந்த சொட்டைத் துடைத்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தார். குழாயை இடம் மாற்றியாக வேண்டும். எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும்.

"காலைக் காட்டு" என்றார்.

அவள் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டு, "செருப்போடயா, செருப்பு இல்லாமயா?" என்று கேட்டாள்.

அவருக்கு அதுவும் தெரியவில்லை.