உண்ணிச்செடியும் முந்திரி வண்டும்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் உதவி வேளாண்மை அலுவலராக நான் சேர்ந்த முதல் வாரமே சின்னப்பொண்ணு ஆபீசுக்கு வந்தார். கணவர் இறந்த பிறகு முந்திரிக் கொல்லையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரு கைகளிலும் முள் கிழித்த கோடுகள்.

"உண்ணிச்செடி மரத்தையெல்லாம் கொல்லுது சார். வெட்ட வெட்டத் தழையுது. மருந்து இருந்தாக் குடுங்க."

போய்ப் பார்த்தேன். வேலியோரம் உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் பூத்து நின்றது. முந்திரி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. ஆனால் செடியே இல்லாத நடுக்கொல்லையிலும் அதே மஞ்சள். ஒரு மரத்தடியில் மண்ணை விலக்கினேன். பிசினும் மரத்தூளுமாக வழிந்திருந்தது. பட்டையைச் செதுக்கினால் உள்ளே விரல் நீளப் புழு. வேர்த்துளைப்பான் வண்டின் புழு அது.

"உண்ணிச்செடி தண்ணியில பங்கு கேக்கும், அவ்வளவுதாம்மா. பூக்கும், காய்க்கும், குருவி தின்னு வெதைய எங்கிட்டாச்சும் போடும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இந்த வண்டு அடிப்பட்டையில முட்டை வச்சுட்டுப் போயிரும். புழு உள்ளுக்குள்ளயே சுத்தித் தின்னும். எலை பழுத்தாத்தான் நமக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருச்சுல்ல. இப்பக் காப்பாத்தலாமா?"

பாதிச் சுற்றளவுக்கு மேல் பட்டை போன மரம் பிழைக்காது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தேறக்கூடியவை மூன்று நான்குதான். மற்றவற்றை வேரோடு எடுத்து எரிக்கச் சொன்னேன். விட்டால் வண்டு பக்கத்துக் கொல்லைக்கும் போகும்.

"ரெண்டு வருசமா செடியோடதான் சார் மல்லுக்கட்டுனேன். மரத்தடியில பாருன்னு யாரும் சொல்லலையே."

சொல்ல வேண்டியவரின் பணியிடம் எனக்கு முன் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. அதைச் சொன்னேன்.

மிச்ச மரங்களில் புழுவை எடுத்து மருந்து பூசினோம். அடுத்த கோடையில் அவையும் காய்ந்தன. நிழல் போன கொல்லை முழுக்க உண்ணிச்செடி ஏறியது. சின்னப்பொண்ணு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். ஒருமுறை அங்கிருந்து போன் செய்தார்.

"மரம் ஒண்ணாவது துளுத்துருக்கா சார்?"

"இல்லம்மா."

"சரி சார்," என்று வைத்துவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விவசாயி காட்டுவதைப் பாருங்கள், காட்டாத இடத்திலும் குனிந்து பாருங்கள். பணிக்காலம் முழுக்க நான் அப்படித்தான் பார்த்தேன். பெரும்பாலான கொல்லைகளுக்கு, இலை பழுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.