நமுனுகுல வரை நடந்த சோப்பு

இன்று காலை எங்கள் கடைக்கு ஒரு வேலை விண்ணப்பம் வந்தது. பிரித்ததும் கற்பூர வாசனை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள் போல. வாசனை மட்டுமில்லை, உள்ளே இருந்த வாசகமும் எனக்குப் பழக்கமானதுதான். "வாதநோயில் படுக்கையாய்க் கிடக்கும் தந்தைக்கும், மணமாகாத சகோதரிமார் எழுவருக்கும் அடியேனே ஊன்றுகோல்." இந்த வரியைப் பெற்றெடுத்தவள் நான். இந்தக் கடுதாசியை எழுதிய ஆள் யாரென்றுதான் எனக்குத் தெரியாது. எவரிடமிருந்து எவர் பார்த்து எழுதி, எத்தனை கை மாறி இங்கே வந்து சேர்ந்ததோ. காணாமல் போன பிள்ளை வளர்ந்து ஆளாகி வாசலில் வந்து நின்றதுபோல இருந்தது எனக்கு.

அப்போது பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் என் படிப்பு முடிந்திருந்தது. எங்கள் வம்சத்திலேயே பேனாவை மைக்கூட்டுக்குள் விட்டு எடுத்த முதல் கை என்னுடையது. இதை நான் பெருமையாகச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த அம்மாவும் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அப்பாவும் என்னைப் படிக்கவைத்ததே எங்கள் வரிசை வீட்டு லயம் முழுவதும் பேச்சாக இருந்தது. படித்து முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய பேச்சாயிற்று. எங்கள் கங்காணி எதிரில் வரும்போதெல்லாம் நின்று, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வார்:

"படிச்ச புள்ளைக்குன்னு ஒரு புதுக்கூடை எடுத்து வெச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் பெரட்டுக்கு வரலாம்."

விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிடும்போது என் பெயரும் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் கொழுந்துக் கூடையை நான் பார்த்ததில்லை. ஆனால் கனவில் பலமுறை முதுகில் மாட்டியிருக்கிறேன்.

அந்த நாட்களில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கூலி, ஒரு சீப்பு வாழைப்பழம். பதுளைக் கடைத்தெருவில் பலசரக்கும் துணியும் விற்கும் ஒரு முதலாளி, தோட்டங்களுக்குப் போய் விற்பனையைக் கவனிக்க எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பலகையில் எழுதி வைத்தார். உடனே மூன்று இளைஞர்கள் தனித்தனியே மூன்று சீப்போடு என்னிடம் வந்தார்கள். மூவருக்கும் ஒரே தந்தையை வாதநோயில் படுக்கவைத்தேன். மூவருக்கும் அதே ஏழு சகோதரிகளைக் கொடுத்தேன். பிறகு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, அந்த வேலைக்கு நானே போனால் என்ன என்று யோசித்தேன். என்னுடைய விண்ணப்பத்தில் சகோதரிகள் இல்லை. "லயத்தில் பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரியும். பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று புரியும்." அவ்வளவுதான்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். பழுத்த ஆள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைக் கடை முழுக்கத் தேடுகிறவர். நான்கு கடுதாசியையும் பாயில் பரப்பி வைத்திருந்தார்.

"மூணு பேருக்கும் ஏழேழு அக்கா தங்கச்சி. இந்தப் பதுளையில இத்தனை குமரு எங்க இருக்கு?" என்றார். "இதுல ஒருத்தன் அப்பன் படுத்த படுக்கையாம். நேத்துத்தான் கள்ளுக்கடை வாசல்ல கரகம் ஆடினான். யாரு எழுதினது இத?"

"நாந்தாங்க மொதலாளி."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இல்லாத தங்கச்சிங்களுக்காக எனக்கே கண்ணு கலங்கிருச்சு புள்ள. இருக்கிற சோப்ப நீ விக்க மாட்டியா?"

பெண்ணை வேலைக்கு எடுக்க அவருக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் முன்பு அனுப்பிய ஆண்களைக் கங்காணிமார் லயத்துப் பக்கமே விடவில்லை. ஒருவருக்குப் பின்னால் துரையின் நாய் தேயிலை மலை முடியும்வரை ஓடியதாம். சோப்பு தேய்க்க வேண்டியவர்களோ பெண்கள். அவர்களிடம் பேச ஒரு பெண் வேண்டியிருந்தது.

அந்தச் சோப்பைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். கொழும்பிலிருந்து வந்தது. அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை. தெமோதரையில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். ரோஜா நிற மேல்தாள், அதில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரி. எல்லோரும் அதைத் துரைசாணி சோப்பு என்றே சொன்னார்கள். வந்த மாதம் தோட்டக்காரர்கள் முண்டியடித்து வாங்கினார்கள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பின்கட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தது. கடைக்குள் நுழைந்தால் பருப்பு, கருவாடு எல்லாமே ரோஜா வாசனை அடிக்கும்.

"விக்கலன்னு எனக்கே தெரியுது. ஏன் விக்கலன்னுதான் தெரியல. அதக் கேட்டுட்டு வா" என்றார் முதலாளி. தீபாவளிக்குள் பின்கட்டு காலியாக வேண்டும், ஆகாவிட்டால் நீ உன் தோட்டத்துக்கு, நான் என் பருப்புக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். இது எப்படியோ எங்கள் கங்காணி காதுக்கும் போயிற்று. கூடைக்குப் புதுக் கயிறு கட்டிவிட்டதாக அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

முதல் நாளே கடையில் ஒரு காரியம் செய்தேன். சோப்புப் பெட்டிமேல் விலை எழுதப்போய், பேனாவை உதறியதில் ஒரு துளி மை தெறித்து ஒரு துரைசாணியின் மூக்கில் விழுந்தது. முதலாளி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்குத்தி போட்டுட்ட. இப்பத்தான் நம்ம பொண்ணு மாதிரி லட்சணமா இருக்கு" என்று சொல்லி விற்பனைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புறப்பட்டேன். என்னைத் தெரியாத இடத்துக்குப் போனால்தான் உண்மை வரும் என்பது என் கணக்கு. புட்டாக்கை ஜாக்கெட், காலில் சப்பாத்து, கையில் குடை. லயத்துக் கோழிகள்கூட வழிவிட்டன. வீடு வீடாகக் கேட்டேன், துரைசாணி சோப்பு எப்படி என்று. அடடா, என்ன பதில்கள். காலையிலும் மாலையிலும் அதுதான் என்றார்கள். பிள்ளைக்கும் அதுதான், புருஷனுக்கும் அதுதான். ஒரு அம்மாள் தன் கையை என் மூக்கருகே நீட்டினாள். வெங்காய வாசனைதான் அடித்தது. நான் மரியாதைக்கு ரோஜா என்றேன்.

திரும்பி வந்து, மலைநாடே நம் சோப்பில்தான் குளிக்கிறது என்று முதலாளியிடம் நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் மெதுவாக எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டினார்.

"எல்லாரும் தினம் தேச்சா, இது மட்டும் ஏன் புள்ள கரையல?"

பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. நான் வந்துபோன அன்று அந்த லயங்களில் ஒரே பரபரப்பாம். குடை பிடித்து, சப்பாத்துப் போட்டு, வீடு வீடாய்ச் சோப்பைப் பற்றிக் கேட்பவள் வேறு யாராக இருக்க முடியும்? இவர்கள் ஒழுங்காகக் குளிக்கிறார்களா என்று பார்த்துவரப் பங்களாவிலிருந்து துரையின் சம்சாரம் அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த நாள் விடியுமுன்னே பீலிக்கரையில் குளிக்க வரிசையாம். சோப்பு விற்கத் தெரியாத நான் தெமோதரையில் ஒரு லயத்தையே குளிக்கவைத்திருந்தேன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. பின்கட்டில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. அந்த நேரத்தில்தான் நமுனுகுலவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சடங்கு வந்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சப்பாத்தையும் குடையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, அம்மாவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். யாரிடமும் எதையும் கேட்கும் உத்தேசம் இல்லை. வடை தின்னும் உத்தேசம் மட்டும் இருந்தது.

மாமன் சீர் வந்தது. தேங்காய், பழம், வளையல், சேலை, மஞ்சள். ஒவ்வொரு தட்டின் நடுவிலும், சாமியை வைத்ததுபோல, ஒரு துரைசாணி சோப்பு. மேல்தாளின் ஓரமெல்லாம் கைபட்டுப் பஞ்சுபோல் ஆகியிருந்தது. ஒரு தட்டில் இருந்தவளின் மூக்கில் அந்த மை மூக்குத்தி மின்னியது.

என் கையில் இருந்த வடை அப்படியே நின்றது. இது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்த அத்தையிடம் கேட்டேன். அத்தைக்கு அந்தச் சோப்பின் வம்சமே தெரிந்திருந்தது. இது தெமோதரைச் சம்பந்தி கொண்டுவந்தது. அவர்களுக்கு அவர்கள் வீட்டுச் சடங்கில் வந்தது. அப்போது தட்டில் வைத்தது ஸ்பிரிங்வெளிச் சித்தி. ஸ்பிரிங்வெளிச் சித்தி என்றதும் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் கடைச் சோப்புன்னு ஆசையா வாங்கினேன்" என்றாள் முணுமுணுப்பாக. "அதுக்காக அவ்வளவு ஒசந்த சாமான, யாராவது தேய்ப்பாங்களாடி?"

நான் அந்தச் சோப்பை எடுத்தேன். உடனே அத்தை பதறிப்போனாள்.

"மோந்து பாரு தாயி, பிரிச்சிராத. அடுத்த வாரம் பசறையில ஒரு சடங்கு இருக்கு."

குடையோடு போய்க் கேட்டதற்கு வராத பதில், கையில் வடையோடு இருந்தபோது வந்தது. தேவையான சோப்பு தேவையான அளவுக்கு ஏற்கெனவே தோட்டங்களுக்குள் போய்விட்டது. அது கரையாது. பிறகு யார் புதிதாக வாங்குவார்கள்? சடங்கு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று மலையேறி இறங்கி நடந்துகொண்டே இருக்கும். எனக்குச் சொந்தக்காரர்கள் எந்தெந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று என்னைவிட அந்தச் சோப்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மேல்தாளைக் கழற்றி, கட்டியை இரண்டாய் நறுக்கி, மொட்டையாக விற்கலாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "துரைசாணிய உரிக்கச் சொல்றியா?" என்றார். அவருக்கும் அவள்மேல் ஒரு பிரியம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நாங்கள் இருவருமாகப் பின்கட்டில் உட்கார்ந்து உரித்தோம். அவர் தும்மிக்கொண்டே உரித்தார்.

இந்தமுறை ஸ்பிரிங்வெளியிலேயே தொடங்கினேன். சப்பாத்து இல்லை, கேள்வியும் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வெளியே, கூடையை இறக்கிவைத்து நின்ற பெண்களுக்கு நடுவில் நின்று, ஒரு மொட்டைச் சோப்பைத் தூக்கிப் பிடித்துச் சொன்னேன்:

"பார்த்துக்கிடுங்க அக்கா, படம் இல்ல, தாள் இல்ல. இத எந்தத் தட்டுலயும் வைக்க முடியாது. வாங்கினா தேச்சே ஆகணும், வேற வழியில்ல."

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குட்டு வெளிப்பட்ட சிரிப்பு அது. அன்று மாலை பீலிக்கரைத் தண்ணீர் நுரையோடு ஓடியது. நுரையைப் பார்த்து நான் அழுததை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் பின்கட்டில் வெறும் பெட்டிகள்தான் கிடந்தன. முதலாளி எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக்கொடுத்தார். கங்காணி அந்தக் கூடையைத் தன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டார் என்றும், அவளும் அந்தச் சோப்புத்தான் வாங்குகிறாள் என்றும் அம்மா சொன்னாள்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. மாட்டு வண்டிக்காரர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. சோப்பு மொட்டையாகவே வந்து இறங்குகிறது. லயத்துப் பெண்கள் என்னிடம் பொய் சொல்வதும் நின்றுவிட்டது. போன தடவைச் சோப்பு கண்ணை எரிக்கிறது, சீக்கிரம் கரைகிறது என்று வரிசையாகக் குறை சொல்கிறார்கள். தொழிலுக்கு நல்லதுதான். ஆனாலும் வெங்காயக் கையை நீட்டி என்னை ரோஜா என்று சொல்லவைத்த அந்த அம்மாளை நான் தேடத்தான் செய்கிறேன்.

போன வாரம் நமுனுகுலவில் ஒரு கல்யாணம். சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழம், சேலை, கண்ணாடி, சீப்பு. பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம், சோப்பு வைக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா நீங்க, இவ்வளவு படிச்சிருக்கீங்க. தேய்க்கிற சாமானப் போயி யாராவது சீருல வைப்பாங்களா?"