மாலதி அக்கா சோதித்த கேமரா

செவ்வாய்க்கிழமை மதியம் ராவாங் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நம் புகைப்படக் குழுவின் வாட்சாப்பில் செய்தி வந்தது. சுங்கை பெசார் மாலதி அக்கா காலையில் மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். செய்திக்கு நேர் மேலே, முந்தின நாள் அவர் அனுப்பிய படம் இருந்தது: அறுவடை முடிந்த வயலில் ஒற்றைக் கொக்கு. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் படத்தை நான் எடுத்திருக்கக் கூடாதா?

அக்காவையும் என்னையும் அறிந்த குழு நண்பர்களே, உங்களுக்கு இது வியப்பாக இருக்காது. இருவரும் மலேசியத் தோட்டத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர்கள். அவர் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். நான் தொழிற்சாலை அலுவலகத்தில். குழுவில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். இருவரிடமும் ஒரே மாதிரி கேமரா, ஒரே மாதிரி லென்ஸ்கள். அதனால் அவர் படம் என்னுடையதை மிஞ்சும்போது எனக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லாமல் போனது.

புதிதாகச் சேருகிறவர்கள், “மொதல்ல எந்த கேமரா வாங்கலாம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கோல சிலாங்கூரில் கேமரா கடை வைத்திருக்கும் நண்பர், ஆரம்பக்காரர்களுக்கான டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை எங்கள் இருவரிடமும் கொடுத்து, சோதித்துச் சொல்லச் சொன்னார். முதல் வாரம் அது என்னிடம் இருந்தது. செங்கல் சுவரைப் படமெடுத்து, ஓரங்கள் மங்குகின்றனவா என்று பார்த்தேன். வெளிச்சம் குறைந்த இடத்துக்கான ஐஎஸ்ஓவைக் கூட்டிக் கூட்டி, எங்கே படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று குறித்தேன். கோவில் கருவறைப் பக்கம் கொண்டுபோய் ஃபோகஸைச் சோதித்தேன். இதைவிட ஒழுங்காக யாரும் செய்ய முடியாது என்று நம்பினேன்.

அடுத்த வாரம் அக்கா அதை வாங்கிப்போய், செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு வள்ளியிடம் கொடுத்தார். பிறகு சந்தையில் மீன் விற்பவரிடம், கோவில் பூக்காரம்மாவிடம். யாருக்கும் எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் நின்று, அவர்கள் விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சானாய் கடையில் நாம் கூடியபோது சொன்னார்: “கிட்டத்துல காட்டணும்னா லென்ஸ் வளையத்த திருப்பணும்னு வள்ளிக்குத் தெரியல. நடந்தே பக்கத்துல போயிட்டா. படம் நல்லாதான் வந்துச்சு. கையில புடிக்க யாருக்கும் சிரமமில்ல. ஆனா மெனுவுக்குள்ள போனவங்க வெளிய வரத் தெரியாம முழிச்சாங்க. இத வாங்கலாம் லா. மொத மாசம் மெனு பக்கமே போக வேணாம், அவ்வளவுதான்.”

எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆரம்பக்காரர்களுக்கான கேமராவை ஆரம்பக்காரர்கள் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

“கோவிலுக்குள்ள எடுத்துப் பாத்தீங்களாக்கா? வெளிச்சம் கொறஞ்சா ஃபோகஸ் முன்னுக்கும் பின்னுக்கும் அலையுது” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

“அய்யோ, அத நான் பாக்கவே இல்லயே!” என்றார் அக்கா.

மறுநாள் குழுவில் அவர் போட்ட மதிப்பீட்டின் முதல் வரியே, என் பெயரோடு, அதுதான்: “திருமணம், கோவில் விசேஷம் எடுக்க நினைப்பவர்கள் ராதா சொல்வதை முதலில் கேளுங்கள்.” படித்துவிட்டு எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டார்.

இன்னொரு நாள், சாயங்காலம் கம்போங் குவாந்தான் படகுத்துறையில் நின்றோம். நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், படகோட்டிக் கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஆற்று வெளிச்சம் முழுவதும் அந்தக் கண்ணாடியில் விழுந்தது. அக்கா எடுத்துவிட்டார். திரும்பும் வழியில் அக்கா கார் ஓட்ட, நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

“மூஞ்சிய தூக்கி வச்சிக்காத லா. படம் என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன? ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லக்கா” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

கருமக்கிரியை அன்று அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலில் நான் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் கணவர் சேகர் அண்ணன் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவரே பேச்சை ஆரம்பித்தார்:

“உங்கமேல அவளுக்கு ரொம்பப் பொறாமைம்மா.”

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

“நெசமாத்தான். ஒரு நாளு நீங்க அனுப்பின படத்த போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருந்தா. சோறு ஆறிப்போச்சு. ‘நானும் அங்கதானே நின்னேன், இத எப்படி விட்டேன்’னு ஒரே பொலம்பல். கடைசி வரைக்கும் சாப்பிடல.”

“எந்தப் படம்ண்ணே?”

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “தெரியலயேம்மா. நான் சரியா பாக்கல.”

அன்றிலிருந்து அக்காவோடு போன இடங்களில் நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். சபாக் பக்கம் வலை உலர்த்தும் பெண்ணா? மழையில் லோரிக்கு அடியில் ஒதுங்கிய ஆடுகளா? அக்காவின் கண்ணால் பார்க்க முயல்கிறேன், முடியவில்லை. மாலதி அக்காவைச் சாப்பிடவிடாமல் செய்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அவர் எனக்கென்று விட்டுப்போனது அதுதான். எது என்றுதான் தெரியவில்லை.