குடுக்கை மறுபடி கேட்காத மதியம்

அவசரக்குடுக்கை என்பதைச் சுருக்கி ஆபீசில் எல்லாரும் அவளைக் குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுக்காதவனை எடுக்கும்வரை விடமாட்டாள். லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டுச் சும்மா நிற்கிற ஆளே இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பாள். அவள் எழுதிய மென்பொருளுக்கும் அதே குணம் வந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

வேலை இதுதான்: ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற ஒரு செயலி. கேட்க எளிது. ஆனால் ஆம்புலன்ஸ் வைத்திருக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் கணினியும் தனி ராஜ்யம். ஒன்றுக்குத் தெருப் பெயர் வேண்டும். இன்னொன்று வரைபடப் புள்ளி இல்லாமல் வாயே திறக்காது. வண்டியே இல்லாதபோதும் 'சரி' என்று பதில் சொல்கிற புண்ணியவானும் உண்டு. இத்தனை பேரோடும் தனித்தனியாகப் பேசவைத்து, செயலி எழுதுகிறவர்கள் நொந்து நூலாகியிருந்தார்கள். குடுக்கைதான் நடுவில் உட்கார்ந்து ஒரே வாசலாகக் கட்டினாள். செயலி அந்த வாசலில் ஒரே மாதிரி கேட்டால் போதும்; யாருக்கு எப்படி மாற்றிச் சொல்வது என்பது வாசலின் பாடு. சும்மா சொல்லக்கூடாது, வேலை கச்சிதம்.

அதில் ஒரு விதி போட்டிருந்தாள். ஒரு நிமிஷத்தில் பதில் வராவிட்டால் மறுபடி கேள்; அப்போதும் வராவிட்டால் இன்னொரு தடவை கேள். மற்ற ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு அழைப்போடும் வாசல் அனுப்புகிற எண்ணைப் பார்த்து, இது முன்னமே கேட்டதுதான் என்று புரிந்துகொள்ளும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஆஸ்பத்திரியின் கணினியில் மட்டும் அந்த எண்ணைப் போட இடமே கிடையாது. இடமில்லையென்றால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அது எத்தனை பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மழை கொட்டிய அந்த மதியம் உறைத்தது. பழைய ஆஸ்பத்திரியின் வண்டிக்கொட்டகை மேற்பார்வையாளர் போனில் வந்தார். "எங்க வண்டி மூணும் ஒரே வீட்டு வாசல்ல நிக்குதும்மா. உள்ள ஒருத்தருக்குக் கால் சுளுக்கு."

குடுக்கை திரையில் பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். மழையில் இணைப்பு தவழ்கிறது, பதில் வரத் தாமதம். அதற்குள் வாசல் மறுபடி மறுபடி கேட்க, அந்தக் கணினி ஒவ்வொன்றையும் புது நோயாளி என்று எடுத்துக்கொண்டு வண்டி அனுப்பியிருக்கிறது. மேலாளரிடம் ஓடினாள். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே, மழை விடட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, இந்தப் பக்கத்து வண்டி ஒன்றும் அங்கே போக முடியாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் புது அழைப்பு விழுந்தது.

முகவரியைப் பார்த்தாள். தங்கச்சி வீடு.

நிறைமாசக்காரி. அந்தச் செயலியை அவள் போனில் ஏற்றிக்கொடுத்தவளே குடுக்கைதான். என் கை வேலைடி, கண்ணை மூடிக்கிட்டு நம்பு என்று பீற்றிக்கொண்டுவேறு வந்திருந்தாள்.

அழைப்பு பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. பதில் இல்லை. அடுத்த வரியிலேயே இன்னொரு அழைப்பு, அதே பக்கத்திலிருந்து: குழந்தை, மூச்சுத் திணறல். கொட்டகைக்குத் திரும்பியிருந்தவை இரண்டே வண்டிகள். மூன்றாவது, சுளுக்குக்காரரை ஏற்றிக்கொண்டு எங்கேயோ சேற்றில் கிடந்தது. கொட்டகைக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவே இல்லை.

நிமிஷம் முடியப் போகிறது. விட்டுவிட்டால் வாசல் தங்கச்சிக்காக மறுபடி கேட்கும். முதல் தடவை கேட்டது போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு வண்டியும் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்கும், அந்தக் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. நிறுத்திவிட்டால், முதல் தடவை கேட்டது வழியில் தொலைந்திருந்தால், தங்கச்சிக்கு வண்டியே கிடையாது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

மேலாளர் பின்னால் நின்று, வேண்டாம், வேண்டாம் என்று முனகினார். குடுக்கை விதியை நிறுத்தினாள். இரண்டு தடவை தப்பாக அடித்துத்தான் நிறுத்தினாள்.

உடனே போன் வந்தது.

"அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வண்டி வருதா?"

"கேட்டிருக்கேன்டி."

"வருதான்னு கேட்டேன்."

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல், கீழ்க்கடையில் சரக்கு வண்டி நின்றால் அதைப் பிடித்து வைக்கச் சொல் என்றாள். அந்தப் பக்கம் தங்கச்சி கத்தியதில் மிச்சம் கேட்கவில்லை. போன் அறுந்தது.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து எந்தக் காரியத்துக்கும் அவள் இப்படிச் சும்மா காத்திருந்ததில்லை. ஒருவழியாகக் குழந்தைக்குப் பதில் வந்தது: வண்டி புறப்பட்டது. வந்த கையோடு தங்கச்சிக்காகத் தன் கையாலேயே மறுபடி கேட்டாள். இப்போது உடனே பதில் வந்தது. முதல் தடவை கேட்டது தொலைந்தேதான் போயிருந்தது. கொட்டகையில் ஒரு வண்டி அத்தனை நேரமும் சும்மா நின்றிருந்தது.

அது போய்ச் சேர்வதற்குள் பிள்ளை சரக்கு வண்டியில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பிறந்துவிட்டது. பிறந்ததும் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்ததைத் தட்டித் தட்டி, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து குழாய் வைத்த பிறகுதான் சத்தம் வந்தது.

தண்ணீர் வடிந்து, பாலம் திறந்ததும் குடுக்கை பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்திருந்தார்கள். மழையில் எல்லாமே தானாக நின்றுவிட்டது என்று மேலாளர் தங்கச்சி வீட்டாரிடம் முன்னமே போனில் சொல்லி வைத்திருந்தார். அவள் அதையே சொல்லியிருக்கலாம்.

"தானா நின்னுச்சாமே," என்றாள் தங்கச்சி.

"இல்லை. நான்தான் நிறுத்தினேன்."

"கூப்பிட்டது நான்னு தெரியாம?"

"தெரிஞ்சுதான்டி."

இன்னொரு குழந்தை, இருந்தது இரண்டே வண்டி, என்று திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். தங்கச்சி பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"அந்தப் பிள்ளை பொழைச்சுதா?"

"பொழைச்சிருச்சு."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் தங்கச்சி. "நீ இப்பப் போக்கா. கொஞ்ச நாளைக்கு என்னால உன்னைப் பாக்க முடியாது."