நாங்களா, நாமா?

இங்கிலீஷ்காரனுக்கு ‘வி’ ஒன்றே போதும். அதற்குள் நாங்களும் ஒளிந்துகொள்ளலாம், நாமும் ஒளிந்துகொள்ளலாம். சைகை மொழியில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. விரல் தோளோரத்திலேயே சின்னதாகச் சுழன்றால் ‘நாங்கள்’. பார்ப்பவரையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் பெரிதாக வளைந்தால் ‘நாம்’. வாஷிங்டனில் மேடைப் பேச்சுகளைச் சைகையில் பெயர்த்துக் காட்டும் லொரெட்டா ஹைன்ஸ் இந்த விரலை நம்பித்தான் பிழைக்கிறாள். மேடையில் நான் அவளுக்கு ஜோடி. அவள் களைத்தால் நான் எழுவேன்.

புதிய அதிபரின் பதவியேற்பு உரைக்கு அவளைக் கூப்பிட்டதும் அவள் தம்பி ஏமஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறவியிலேயே காது கேட்காதவன். தோற்ற கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன். விரல்கள் பறக்கச் சொன்னான்:

“அக்கா, அந்த ஆளோட ‘நாம’ல நான் கிடையாது. நீ பூசி மெழுகி என்னையும் அதுல சேர்த்தியோ, அப்புறம் நீ என்ன சொன்னாலும் நம்பமாட்டேன்.”

அவனுக்குப் பாதி உலகம் அவள் கை வழியாகத்தான் வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

ஒத்திகையில் ஏற்பாட்டாளர் விட்டேக்கர், “எல்லாத்தையும் பெருசாவே காட்டிடுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா” என்றார்.

“அவரு பெருசா சொன்னா நானும் பெருசா காட்டுறேன்” என்றாள் லொரெட்டா. பலே என்று கத்தத் தோன்றியது எனக்கு.

ஜனவரிக் குளிரில் அதிபர் ஆரம்பித்தார். ஜெயித்தோம், மீட்டோம், செய்து காட்டுவோம்... அத்தனையும் பிரசார மேடையின் மிச்சம். கூட்டத்தில் பாதி ஆர்ப்பரித்தது, பாதி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. லொரெட்டாவின் விரல் தோளை விட்டு அசையவில்லை. விட்டேக்கர் தூரத்திலிருந்து காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். போங்கய்யா என்று முறைத்தேன்.

கடைசியில் அந்த வரி வந்தது: நாம் ஒரே மக்கள். எந்த அதிபரும் சொல்லாமல் விடாத வரி. இந்தச் சடங்கே அதற்காகத்தான். ஓட்டு பிரித்ததை அது ஒட்டவேண்டும். வாயைத் திறந்தவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, தன்னிடம் தோற்றுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் முழுதாகத் திரும்பி அதைச் சொன்னார். லொரெட்டாவின் விரல் நெஞ்சைக் கடந்து வளைந்தது.

வீட்டு வாசலிலேயே ஏமஸ் மறித்தான்.

“அந்த வட்டம் யாரோடது? உன்னோடதா, அவரோடதா?”

“அவரோடதுதான்டா. அது வர்றவரைக்கும் காத்திருந்து போட்டேன்.”

அக்காவின் முகத்தையே பார்த்தான். நம்பிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

“என்னையும் சேர்த்துத்தானே சொல்லிட்டாரு? சரி. இனிமே அவரு எனக்கும் பதில் சொல்லியாகணும்.”