ஏதும் விசேஷமா?

அந்த டப்பாவின் மூடி நீல நிறம். சிறுநீர் பிடித்துக் கொடுப்பதற்கான சின்ன பிளாஸ்டிக் டப்பா. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் மருந்தறை வாசலில், ஷிப்ட் முடிந்த பெண்கள் கைப்பைச் சோதனைக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் வைத்து, லேடி சூப்பர்வைசர் அதை என் அக்காவின் கையில் கொடுத்தார். அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்திருந்த நான், கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு அக்காவின் வயிற்றைப் பார்த்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு வாரமாக அக்காவுக்குத் தலை சுற்றியது. அவள் நூல் நூற்கிற மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். மேலே வரிசையாகத் தொங்கும், பஞ்சுத்திரி சுற்றிய உருளைகள் தீர்ந்ததும் அண்ணாந்து பார்த்துப் புதியதை மாட்ட வேண்டும். அப்படி அண்ணாந்த நேரத்தில் மொத்த மில்லும் அவளைச் சுற்றியது. மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அரை நிமிஷத்தில் நின்றுவிடும், அடுத்த உருளைக்கு அண்ணாந்தால் மறுபடி சுற்றும். ஒருநாள் வாந்தியும் வந்துவிட, சூப்பர்வைசரிடம் போய், "மேடம், தலை சுத்துது, குமட்டுது" என்றிருக்கிறாள். நம் பக்கத்தில் ஒரு பெண் ஒரே மூச்சில் சொல்லக்கூடாத இரண்டு வார்த்தைகள் அவை. கல்யாணமானவள் சொன்னால் வாயில் சர்க்கரை போடுவார்கள். ஆகாதவளிடம் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, ஏதும் விசேஷமா?" என்று கேட்டிருக்கிறார். மிஷின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரு கைஜாடை உண்டு. பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாளாம். அந்த ஜாடை ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்குப் போய், டீ நேரத்துக்குள் கடைசி வரிசை வரைக்கும் சேர்ந்துவிட்டது.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாம் வைத்திருக்கிற நல்ல வார்த்தை விசேஷம். பத்திரிகையில் மஞ்சள் தடவிக் கொடுக்கிற வார்த்தை. அதைக் கொண்டே ஒருத்தியைப் பதினான்கு வருஷம் வேலை பார்த்த இடத்தில் தலைகுனிய வைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சோதனையில் ஒன்றும் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் என்ன ஆயிற்று? "மாத்திரை போட்டுக் கலைச்சிருப்பா" என்று பேச்சு மாறியது, அவ்வளவுதான். தலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அக்காவுக்கு ஒரு நோய் தேடினேன். ஊருக்குச் சொல்லக்கூடிய, கௌரவமான நோய். பித்தம் என்று சொன்னால் பழைய சிரிப்பே திரும்பி வரும். எலும்பு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கழுத்தெலும்பு தேய்மானம் பெரிய பெரிய ஆபீசர்களுக்கெல்லாம் வருகிறது. ஊருக்குள்ளேயே ஒருவர், கையாலேயே எலும்பைத் திருப்பி நேராக்குகிறவர், 'கைரோபிராக்டிக்' என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருந்தார். கழுத்துவலி, முதுகுவலி என்று எழுதியதன் கீழே தலைசுற்றல் என்றும் எழுதியிருந்தது. அது போதுமாக இருந்தது எனக்கு.

மேஜை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று நின்றது. சுவரோரம் மூன்று கால் ஸ்டாண்டில் செல்போன். அவர் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, ஒன்றும் இல்லை. பின்கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மொத எலும்பு வெலகியிருக்கு. தலைக்குப் போற நரம்ப அமுக்குது. ஆறு தடவை வாங்க, நேராக்கிரலாம்" என்றார். பிறகு சின்ன மைக் ஒன்றை அக்காவின் சட்டைக் கழுத்தில் மாட்டினார். எதற்கு என்று கேட்டேன். "சத்தம் நல்லா விழணும்ல தம்பி" என்றார். அக்காவின் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு. மடக் என்று கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. இதோ எலும்பு, இதோ சத்தம், இப்போது பேசுங்கள் பார்ப்போம் என்று மனசுக்குள் மில்லையே வம்புக்கு இழுத்தேன்.

முதுகுவலிக்கு இம்மாதிரி வைத்தியரிடம் போய் நிம்மதியாகத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை. கேள்வியே கேட்காமல் ஒருத்தியின் கழுத்தில் கை வைத்த துணிச்சலைத்தான் சொல்கிறேன். அவர் செல்போனில் எடுத்துப் போட்ட அந்த வீடியோ இரண்டே நாளில் மில் பெண்களின் செல்போனுக்கு வந்தது. "அக்கா, உங்க கழுத்துச் சத்தம் கேட்டோம்க்கா" என்று இரக்கத்தோடு சொன்னார்களாம். நான் நினைத்தபடியே ஆயிற்று. அக்கா மட்டும், "வேண்டாம்லே, பயமா இருக்கு. சுத்துறது கொறையவே இல்ல" என்றாள். "ஆறு தடவைன்னு அவர் சொல்லியிருக்கார்ல" என்று அதட்டிக் கூட்டிப்போனேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. படுத்தால் சுற்றும் என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மிஷின் பக்கம் விழுந்துவிடுவோம் என்று பயந்து வேலையையும் விட்டாள்.

நான்கு மாதம் கழித்து யாரோ சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். தலை சுற்றுவதற்குக் காது டாக்டரா என்று பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்தேன். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாச் சுத்துது?" என்பதுதான். "வலது பக்கம். அண்ணாந்து பார்த்தாலும் சுத்தும்" என்று அக்கா உடனே சொன்னாள். பதில் ஆரம்பத்திலிருந்தே அவளிடம் இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஒரு ஆள் இல்லை. ஐந்து தடவை கழுத்தைத் திருப்பிய கதையையும் சொன்னாள். கட்டிலில் தலை லேசாகத் தொங்குகிற மாதிரி படுக்க வைத்து, கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி, உடம்பைப் புரட்டி, உட்கார வைத்தார். மடக் சத்தம் இல்லை. மொத்தம் சில நிமிஷங்கள். "காதுக்குள்ள பொடிப்பொடியாத் துகள் இருக்கும்மா. அது எடம் மாறிப்போனா இப்படித்தான் சுத்தும். கழுத்தெலும்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "கழுத்துக்குள்ளதான் மூளைக்குப் போற ரத்தக்குழாய் போகுது. அது கிழிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நல்ல நேரம், தப்பிச்சிட்டாங்க" என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு தடவை போனோம். திரும்பும் வழியில் அக்கா நடுத்தெருவில் நின்று, பயந்து பயந்து அண்ணாந்து கோபுரத்தின் உச்சி வரைக்கும் பார்த்தாள். "சுத்தலலே!" என்றாள். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் எனக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. நாளைக்கே மில்லுக்குப் போய் அந்த மேடத்தை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்கப்போகிறேன், அந்தக் கழுத்துக்காரனின் சட்டையைப் பிடித்து வீடியோவை அழிக்கச் சொல்லப்போகிறேன் என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைத் தடுக்கவில்லை. நான் ஓய்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அந்தம்மா யாரோ, எவரோ. அவிய கேட்டாக, சரி" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான் மூஞ்சி கழுவப் போன நேரம் பார்த்து எம் பையில கைய விட்டு அந்தச் சீட்ட எடுத்துப் படிச்ச. ரெண்டு தடவ படிச்ச. அதுக்குப் பொறவுதாம்லே சோறு போடச் சொன்ன."

ஆமாம். படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.